ஆம் என்பது இடமும் வலமும்

சிவப்பு விளக்கில்தான் நின்றிருந்தேன்.
துப்னிட்சாவிலிருந்து கியூஸ்டெண்டில் திரும்பும் சாலை,
மே மாத நடு,
பின்னிருக்கையில் பதினாறு புதுப் பழக்கூடைகள்.
எனக்குப் பின்னால் வந்த தயிர் வண்டி
நிற்க மறந்தது.

பெரிய சத்தமில்லை.
யாரோ கதவை அழுத்திச் சாத்தியதுபோல.
உடம்பு இருக்கையோடு முன்னே போய்விட்டது,
தலை மட்டும் பழைய இடத்திலேயே
ஒரு நொடி தங்கிவிட்டது.
பிறகு அவசரமாக, மிக அவசரமாக
உடம்பைத் தேடிக்கொண்டு வந்தது.

பம்பரில் ஒரு கீறல்.
ஓட்டிவந்த பையன் வெஞ்சிஸ்லாவ், காதுவரை சிவந்து,
"அடிபட்டதா அக்கா?" என்றான்.
முகத்தை மேலே தூக்கி நாக்கைச் சொடுக்கினேன்.
எங்கள் ஊரில் மேலும் கீழும் அசைத்தால் இல்லை,
இடமும் வலமும் அசைத்தால் ஆம்.
வெளிநாட்டுக்காரர்கள் முதல் வாரம்
பசியோடு திரிவார்கள்.

பொய்யில்லை, அப்போது வலிக்கவில்லை.
வலி இரவு ரயிலில் வந்தது.
காலையில் மேல் அலமாரியின் காபித்தூளை
அண்ணாந்து பார்க்க முடியவில்லை.
பிடரியில் ஆணி அடித்து
யாரோ ஈரக் கம்பளியைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

எக்ஸ்ரேயில் கழுத்தின் ஏழு எலும்புகளும்
பள்ளிக்கூடப் புகைப்படம்போல வரிசையாக நின்றன.
"ஒன்றுமில்லை" என்றார் மருத்துவர்.
ஒன்றுமில்லாதது இப்படிக் கனக்குமா?
தசையும் நாரும்
அந்தப் படத்துக்கு முகம் காட்டுவதில்லையாம்,
அதை அவர் சொல்லவில்லை.
நாத்தனார் ஒரு கழுத்துப் பட்டை கொண்டுவந்தாள்.
பத்து நாள், பூச்சாடியில் நட்ட தலையாக இருந்தேன்.

காப்பீட்டுக்காரர் தொப்ரோமிரோவ் வந்தார்.
"மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகம்தானே.
நிஜமாகவே வலிக்கிறதா?"
ஆம் என்று தலையை அசைத்தால்
திரும்புகிறதே என்று எழுதுவார்.
அசைக்காவிட்டால்
ஆம் சொல்லவில்லை என்று எழுதுவார்.
கண்ணால் சொன்னேன்.
படிவத்தில் கண்ணுக்குக் கட்டமில்லை.

ஸ்விலேனா, பிசியோதெரபிஸ்ட்,
முதல் வேலையாகப் பட்டையைக் கழற்றினாள்.
(இப்போது அதில் என் பூனை தூங்குகிறது.)
"உன் கழுத்து உடையவில்லை, மிரண்டிருக்கிறது.
மிரண்ட ஆட்டைக் கட்டிப்போட்டால் இன்னும் மிரளும்.
இடது தோளைப் பார், எட்டும்வரை போதும்.
இனி வலது.
மணிக்கொரு முறை, பத்துத் தடவை.
முகவாயை மேசை இழுப்பறைபோல உள்ளே தள்ளு.
வெந்நீர்ப் பை வைத்துக்கொள்,
மாத்திரை கொஞ்ச நாளைக்கு.
படுத்தே கிடக்காதே.
ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும்,
கூடிய நாளில் பயப்படாதே.
கை மரத்தால், நடை தடுமாறினால் மட்டும்
அந்த நிமிடமே ஓடிவா."
பிறகு ஜன்னல்வழி என் காரைப் பார்த்தாள்.
"அந்தத் தலைசாய்ப்பான் யாருக்கு, குழந்தைக்கா?"
இத்தனை வருடமாக அது
என் தோள்களுக்கு மட்டுமே துணையிருந்திருக்கிறது.

ஆக, யாரும் எதுவும் கேட்காமலே
ஜூன் முழுக்க ஆம் சொன்னேன்.
அடுப்புக்கு ஆம், சுவருக்கு ஆம்,
எதிர்வீட்டு நாய்க்குப் பத்து ஆம்.
இருபது வருடத்தில் இத்தனை சம்மதம் கண்டிராத
என் கணவன் ஸ்டாமென்
நடுவில், "மோட்டார் சைக்கிள் வாங்கட்டுமா?" என்றான்.
ஏழாவதோடு நிறுத்திக்கொண்டேன்.

செர்ரி யாருடைய கழுத்துக்காகவும் காத்திருக்காது.
ஏணியில் நின்று அண்ணாந்து பறிக்க
எனக்கு இன்னும் முடியவில்லை.
ஒரு ஞாயிறு, வாசலில் அந்தத் தயிர் வண்டி.
பையன் ஒன்றும் பேசாமல் மரத்தில் ஏறினான்.
அடுத்த ஞாயிறும் வந்தான்.
இரண்டு கிளைகளை முறித்தான்,
பறித்ததில் பாதியைத் தின்றான்.
இறங்கும்போதெல்லாம் என் முகத்தை அல்ல,
கழுத்தைப் பார்த்தான்.

ஜூலை தொடக்கத்தில் கடைசிக் கூடைகளை ஏற்றினோம்.
தோட்டத்திலிருந்து வண்டியைப் பின்னால் எடுக்க
வலது தோளுக்கு மேலாகத் திரும்பினேன்.
வேலி தெரிந்தது, அதற்கப்பால் கழுதை தெரிந்தது.
இன்னும் இரண்டு விரற்கடை பாக்கி,
அங்கே பழைய ஆணி.

"இப்பவும் வலிக்குதா அக்கா?" என்றான், மரத்திலிருந்து.
தலையை அசைத்தேன்,
இடமும் வலமும்.
ஆம். கொஞ்சம்.
அவன் முகம் விழுந்தது.
பிறகுதான் உறைத்தது அவனுக்கு,
எதைக் கொண்டு பதில் சொன்னேன் என்று.